மிட்டாய் பொறுக்கலுக்கு ஒரு அப்பீல்

காலை ஏழு மணிக்கு விஜயதாஸின் வாசலில் வந்து நின்ற கனகதாஸ், 1989-ஆம் வருடத்து மிட்டாய் பொறுக்கும் போட்டியின் முடிவை எதிர்த்து அப்பீல் கொடுக்க வந்திருந்தார்.

"பதினேழு மிட்டாய் சாறே," என்றார். "நான் பொறுக்கினது பதினேழு. அகிலேஷ் பொறுக்கினது பதினாலு. ஃபர்ஸ்ட் அவனுக்கு. நீங்க போட்ட பேப்பர்லயே கெடக்கு."

வாயில் பற்பசை நுரையுடன் விஜயதாஸ் அவரைப் பார்த்தார். கனகதாஸுக்கு நாற்பத்து நான்கு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கிறார்.

"ஆரு அது?" என்று அடுக்களையிலிருந்து ஓமனா கேட்டாள்.

"மிட்டாய் கேஸு," என்றார் விஜயதாஸ். வாயைக் கொப்பளித்துவிட்டு, "கனகா, அன்னைக்கு உனக்கு ஒம்பது வயசு," என்றார்.

"ஒம்பது வயசுக்காரனுக்கு நியாயம் வேண்டாமா? அகிலேஷுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தாவ. இப்பவும் அவனுக்க வீட்டுக்குப் போனா அதுலயாக்கும் எனக்கு சாய தருவான்."

யாருக்கும் உடனே பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர் விஜயதாஸ். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு நீளமான மௌனம் விழும். அதற்குள் வந்தவர் சலித்து எழுந்து போய்விடுவார். பாதிப் பிரச்சினைகள் அவருக்கு அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. கனகதாஸ் சலிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் கழிஞ்சு அப்பீல் செல்லாது கனகா."

"செல்லும்." கனகதாஸ் செல்போனை நீட்டினார். அதில் கிளப்பின் சட்ட விதிகள் இருந்தன. 1987-இல் கைப்பட எழுதியது. பதினான்காம் விதி: நடுவர்களின் மதிப்பெண் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட நேரத்திலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அப்பீல் கொடுக்கலாம்.

"இதுக்கு முன்ன எப்பவாவது பார்வைக்கு வச்சியளா?"

வைத்ததில்லை. மைக்கில் பெயரைச் சொல்வார்கள், பரிசு கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இன்டர்நெட்ல வச்சிய. இன்னைக்கு ஞாயிறு காலையில ஏழு. இன்னும் பதினோரு மணிக்கூர் பாக்கி உண்டு."

அந்த விதிப் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. ஆவணம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்று விஜயதாஸ்தான் அதையும் சேர்த்துப் போடச் சொன்னார்.

நவதாரா ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. ஓணத்துக்கு ஓணம் அங்கே கலைவிழா. பாட்டு, கவிதை, மாறுவேடம், வடம் இழுத்தல், மெதுவாக சைக்கிள் ஓட்டுதல் என்று முப்பத்தேழு வருடங்களாக நடக்கிறது. அதன் மிச்சம் மீதியெல்லாம் ரேஷன் கடை மாடியில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. கிளப்பின் செயலாளரான விஜயதாஸுக்கு தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. பூட்டி வைத்த அலமாரி எதைக் கண்டாலும் அவருக்கு மனசு கனக்கும். பெட்டியில் இருப்பதையெல்லாம் ஊரார் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம்.

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஷாலு இரண்டு வாரம் உட்கார்ந்து ஸ்கேன் செய்தாள். நோட்டீஸுகள், வீடியோ கேசட்டுகள், போட்டோக்கள். எல்லாக் கேசட்டிலும் அறிவிப்பு ஒரே குரல்தான். மைக் செட் பொன்னப்பன். எல்லாப் போட்டோவிலும் சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறும், கடிகாரம் மாறும், பார்வை மாறாது.

பெட்டியின் அடியில் நடுவர்களின் மதிப்பெண் கவர்கள் இருந்தன. நூற்று நாற்பது. ஒட்டினது ஒட்டினபடியே, அரக்கு வைத்தபடியே இருந்தன. ஏதோ நகல் போலிருக்கிறது என்று விஜயதாஸ் நினைத்துக்கொண்டார். ஷாலு கத்தரிக்கோலால் வரிசையாக வெட்டினாள். அன்று எதற்கோ அங்கே வந்திருந்த பொன்னப்பன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் எதுக்கு மக்கா வெட்டுக? அது பாட்டுக்குக் கெடந்திட்டுப் போட்டு," என்றார்.

வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம் என்று ஷாலு பிறகு சொன்னாள்.

நூற்று நாற்பது கவர்களில் இணையத்துக்குப் போனவை நூற்று முப்பத்தொன்பது. ஒன்று மட்டும் விஜயதாஸின் சட்டைப்பைக்குள் போய், அங்கிருந்து வீட்டில் அகராதியின் நடுப்பக்கத்துக்குப் போயிற்று. 1996, கவிதை சொல்லல்.

ஓமனா தினமும் துடைக்கும் கண்ணாடி அலமாரியில் அந்த வருடத்துக் கோப்பை இருந்தது. பக்கத்தில் சட்டம் போட்ட படம். பத்தொன்பது வயது விஜயதாஸ் கோப்பையை வாங்குகிறார், ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். பாதி மேடையிலேயே செருப்பைக் கழற்றும் அளவுக்கு மரியாதை தெரிந்த பிள்ளை என்று ஓமனாவின் அப்பா அந்தப் படத்தைக் காட்டித்தான் பெண் கொடுத்தார். உண்மையில் கவிதை சொல்லிவிட்டு இறங்கியபோது ஒற்றைச் செருப்பைக் காணவில்லை. அதை விஜயதாஸ் யாரிடமும் சொல்லவில்லை. அதிகம் பேசாத அவருக்காக ஒரு கூட்டம் கைதட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அந்தக் கைதட்டலை வைத்துக்கொண்டு இத்தனை வருடங்கள் ஓட்டிவிட்டார். இருபது வருடமாக மற்ற ஊர்களில் கவிதைப் போட்டிக்கு நடுவராகப் போவதும் அந்தக் கோப்பையின் பலத்தில்தான்.

கவருக்குள் ஐந்து பெயர்கள் இருந்தன. முதலாவது சௌதாமினி. விஜயதாஸ் நாலாவது.

கனகதாஸ் வந்த அந்த ஞாயிறு காலை பத்து மணிக்குள் இருபத்து மூன்று அப்பீல்கள் வந்துவிட்டன. விஜயதாஸ் ஷாலுவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் இணையத்திலிருந்து இறக்கச் சொன்னார். இறக்கினாள். அரை மணி நேரத்தில் கிளப் மாடிக்கு அடியில் கூட்டம் கூடியது. மறைக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. கிளப் தலைவர் மோகனன், ரப்பர் ஷீட் வியாபாரி, சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"எலே விஜயா, மூடினா நாம கள்ளன்மாருன்னு ஆவும். தொறந்து வையி."

சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்தார்கள். கனகதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி. இப்ப மறுபடி பார்வைக்கு வச்சாச்சு. இனி செவ்வாய்க்கிழமை நாலு மணி வரை அப்பீல் கொடுக்கலாம்."

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு எண்ணிக்கை நூற்றுப் பதினொன்று.

விஜயதாஸ் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பரிசு பெற்றவர்கள் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நூற்று முப்பத்தொன்பதில் பத்தொன்பது மட்டும் ஒத்துப்போயின. மற்றது எல்லாமே மாறியிருந்தது. கமிட்டிக் கூட்டத்தில் அதைச் சொன்னார்.

"முப்பத்தேழு வருஷமா ஆரோ கள்ளக்களி களிச்சிருக்கான்," என்றார் மோகனன். "எனக்கு ஒண்ணுதான் புடி கெடைக்கல்ல. இந்தப் பத்தொம்பது எப்படி சரியா வந்துது?"

ஒருவர் கோயில் பக்கத்துக்காரர்களைச் சந்தேகப்பட்டார். இன்னொருவர் சர்ச் பக்கத்துக்காரர்களை. கணக்குப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஏமாற்றப்பட்டிருந்தது. அது இரண்டு பக்கத்துக்கும் பிடிக்கவில்லை.

கடைசியில் மோகனன் ஒரு வழி சொன்னார். அப்பீல் வந்த எல்லாப் போட்டியையும் அதே ஆட்களை வைத்து மறுபடி நடத்திவிடுவது. ஒரே ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானம், இந்தத் தடவை கவரை எல்லார் முன்னாலும் பிரிப்பது.

"அம்பது வயசுக்காரன்மாரு இனி எங்க மிட்டாய் பொறுக்க வரப்போறாவ? நாலு பேரு வருவான். அதோட தீந்திரும்," என்றார்.

வியாழக்கிழமை விஜயதாஸ் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, கம்ப்யூட்டர் சென்டருக்கு அடுத்த தையல் கடையிலிருந்து சௌதாமினி கூப்பிட்டாள்.

"விஜயதாஸ் சாறே, ஒரு காரியம். எல்லாம் இருக்கு. தொண்ணூத்தாறு கவிதை மட்டும் காணல்லியே."

விஜயதாஸ் நின்றார். தையல் மெஷினில் பாதி தைத்த யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் கிடந்தது. அவர் அந்தக் கைமடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறையான்," என்றார் கடைசியில்.

"இரும்புப் பெட்டிக்குள்ளயா?"

மறுபடி மௌனம். சௌதாமினி அதை அவர் பக்கமே விட்டுவைத்தாள்.

"சாரமில்ல, விடுங்க. சும்மா கேட்டேன். நான் அப்ப காட்டாக்கடைப் பக்கமாக்கும் இருந்தேன். கவிதை சொல்லிட்டு எறங்கின உடனே கடைசி பஸ்ஸுக்கு ஓடிட்டேன். உங்களுக்குத்தான் ஃபர்ஸ்டுன்னு மறுநாளு ஆரோ சொன்னாவ. அதுக்குப் பெறவு நான் எங்கயும் கவிதை சொல்லப் போவல்ல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் மோசமா சொன்னேனான்னு மட்டும் அறியணும்னு உண்டு. வேற ஒண்ணுமில்ல."

அன்று ராத்திரி விஜயதாஸ் அகராதியை எடுத்தார், மூடினார், மறுபடி எடுத்தார். எந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடுகிறார் என்று ஓமனா கேட்டாள்.

மறுநாள் மோகனன் வாட்ஸ்அப்பில் ஒரு வருத்த அறிவிப்பு போட்டார். 1996 கவிதைப் போட்டியின் பட்டியல் கறையானால் அழிந்துவிட்டதாகவும், கிளப் அதற்காக வருந்துவதாகவும், பட்டியல் இல்லாத காரணத்தால் அந்தப் போட்டியையும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி நடத்துவதாகவும் அதில் இருந்தது. போட்டியாளர் வரிசையில் விஜயதாஸின் பெயர் முதலில் இருந்தது.

"உனக்கு என்னடே பயம்?" என்றார் மோகனன். "நீயாக்கும் அன்னைக்கு ஃபர்ஸ்ட். எறங்கிச் சொல்லிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வரவில்லை. நானூறு பேர் வந்தார்கள்.

மிட்டாய் பொறுக்கலில் ஆறு நடுத்தர வயது ஆண்கள் கோட்டில் நின்றார்கள். விசில் அடித்ததும் குனிந்தார்கள். கனகதாஸும் அகிலேஷும் குனிந்தபடியே நின்றுவிட்டார்கள். நிமிர்த்துவதற்கு இரண்டு இரண்டு பேர் வேண்டியிருந்தது. கனகதாஸின் கைக்குள் மூன்று மிட்டாய், அகிலேஷின் கையில் இரண்டு. கனகதாஸ் அங்கேயே டம்ளரைக் கேட்டார். அகிலேஷ் கொண்டு வந்திருந்தான். கனகதாஸ் அதில் டீ வாங்கி, அகிலேஷுக்குக் கொடுத்தார்.

1993 வடம் இழுத்தல் அணியில் நாலு பேர் வளைகுடாவில் இருந்தார்கள். செல்போனில் முகம் காட்டிக்கொண்டு "வலி, வலி" என்று இழுக்கச் சொல்லிக் கத்தினார்கள். அந்தப் போன்களைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் போனதால் வடத்தைப் பிடிக்க ஆள் குறைந்து, அணி மறுபடியும் தோற்றது. போனில் இருந்தவர்கள் அதற்கும் அப்பீல் கேட்டார்கள்.

2001 மாறுவேடத்தில் நாலு வயதில் கிளியாக வந்து பரிசு கிடைக்காமல் போன சானு இப்போது போலீஸ்காரன். விடுப்பு எடுத்துக்கொண்டு கிளியாகவே வந்திருந்தான். அலகு அப்போதையது, உடம்பு இப்போதையது. அவனிடம் வாகன அபராதம் கட்டியவர்கள் மரியாதையாக எழுந்து நின்று கைதட்டினார்கள்.

1994 மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி காலை பத்து மணிக்குத் தொடங்கியது. ஜெயனும் சுந்தரனும் மட்டும்தான். கடைசியில் வருபவருக்குப் பரிசு, கால் ஊன்றினால் வெளியே. முப்பது வருடப் பகை இரண்டு பேருக்கும் அபாரமான சமநிலையைக் கொடுத்திருந்தது. பதினொரு மணிக்கு ஜெயன் நாலடி கடந்திருந்தார், சுந்தரன் மூன்றரை. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தபோது சுந்தரனின் மனைவி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அது விதிமீறலா என்று கேட்டு ஜெயன் பக்கத்தார் ஒரு அப்பீல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்குக் கவிதை. பொன்னப்பன் மைக்கில் விஜயதாஸின் பெயரைச் சொன்னார். இருபத்தெட்டு வருடம் முன்பு கேட்ட அதே குரல், அதே இழுப்பு.

விஜயதாஸ் மேடை ஏறினார். முன்வரிசையில் ஓமனா உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாற்காலி தள்ளி சௌதாமினி. கவிதையின் முதல் வரி அவருக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டாவது வரி வந்தது. முதல் வரி இல்லாமல் அது போய்விட்டது.

அவர் நின்றார். ஒரு நிமிடம் ஆயிற்று. கூட்டம் அதைக் கவிதைக்கான முகபாவம் என்று எடுத்துக்கொண்டது. யாரோ, "கண்ணை மூடி நிக்கியதைப் பாத்தியா, அதாக்கும் ஃபர்ஸ்ட்," என்று மெல்லச் சொன்னார்கள். இரண்டாவது நிமிடம் முடியும்போது சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடுவர் ஏதோ எழுதத் தொடங்கினார். நல்ல மதிப்பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த எழுத்துதான் விஜயதாஸால் தாங்க முடியாமல் போயிற்று. சட்டைப்பைக்குள் கையை விட்டார். கவரை எடுத்தார்.

"கறையான் ஒண்ணும் தின்னல்ல," என்றார் மைக்கில். "நான்தான் எடுத்து வச்சிருந்தேன்." பிறகு பட்டியலை வாசித்தார், நூலகத்தில் பெயர் கூப்பிடும் அதே தட்டையான குரலில். "சௌதாமினி, எழுபத்தொம்பது. பிரசீதா, எழுபத்தி ஒண்ணு. அபின், அறுபத்தாறு. விஜயதாஸ், நாப்பத்தெட்டு." ஐந்தாவது பெயரை வாசிக்கவில்லை. அந்த ஆள் கூட்டத்தில் இருந்தார், பாவம்.

தூரத்தில் ஒரு சைக்கிள் மட்டும் கிறீச்சிட்டது.

ஓமனா எழுந்தாள். விஜயதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அவள் முன்னால் நின்றாள், கையில் துணிப்பை, பையிலிருந்து வெளியே வந்த கோப்பை.

"அகராதியை தூசு தட்டுகது ஆருன்னு நினைச்சிய?" என்றாள். "நான் திங்கக்கிழமையே கண்டாச்சு. நீங்களா சொல்லுவியளான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." கோப்பையை அவர் கையில் கொடுத்தாள். "போயிக் கொடுங்க. அலமாரியில தூசு தட்டுக வேலை ஒண்ணு குறையட்டு."

சௌதாமினி கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"எழுபத்தொம்பதா?" என்று கேட்டாள்.

"எழுபத்தொம்பது," என்றார் விஜயதாஸ்.

அவள் எழுந்து மேடைக்குப் போய், யாரும் கூப்பிடாமலே அந்தப் பழைய கவிதையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொன்னாள். எங்கும் நிற்கவில்லை. கைதட்டல் அடங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அதில் தன் கையும் சேர்ந்திருந்ததை விஜயதாஸ் தாமதமாகத்தான் கவனித்தார்.

மோகனனுக்கு ஆறவில்லை. மைக்கைப் பிடுங்கினார்.

"அதெல்லாம் சரி. நாலாவது வந்தவனுக்க பேரை ஃபர்ஸ்டுன்னு விளிக்கச் சொன்னது ஆரு? அதை இன்னைக்கு அறிஞ்சாகணும். முப்பத்தேழு வருஷமா இந்தக் களி களிச்ச கமிட்டிக்காரன் எவனா இருந்தாலும் எழும்பட்டு."

பழைய கமிட்டிக்காரர்கள் எட்டுப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோயில் பக்கம் சர்ச் பக்கத்தைப் பார்த்தது. சர்ச் பக்கம் கோயில் பக்கத்தைப் பார்த்தது. கிளி வேடத்தில் இருந்த சானு, பழக்க தோஷத்தில், வெளியே போகும் கேட் பக்கம் போய் நின்றுகொண்டான்.

மேடைக்குப் பின்னால் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்த பொன்னப்பன் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"கமிட்டிக்காரங்க ஒண்ணும் செய்யல்ல," என்றார். "ஓணத்தன்னைக்குச் சிறப்பு விருந்தினருக்குப் பத்து கிளப்பு உண்டு. ஜட்ஜ்மாருக்க கவரு வந்து சேரதுக்குள்ள அவரு வண்டியில ஏறிருவாரு. அவரு நிக்கும்போதே பரிசைக் கொடுத்தாகணுமே. அதனால எல்லா வருஷமும் மேடைக்குக் கிட்ட ஆரு நிக்காவன்னு பாத்து, நானாக்கும் பேரை விளிக்கது." பிறகு விஜயதாஸைப் பார்த்தார். "நீ அன்னைக்கு செருப்பைத் தேடிட்டு நின்னே, மக்கா."